ஏழு பேர், இறுக்கமான பட்ஜெட்: சின்னப் புது வண்டியா, பெரிய பழைய வண்டியா?

வீட்டில் ஆறேழு பேர். கையில் இருக்கும் தொகையோ ஒரு சாதாரண காருக்குத்தான் சரியாக வரும். இந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "புதுசா ஒரு சின்ன ஏழு சீட்டர் வாங்கட்டுமா, இல்லை அதே பணத்துக்கு ஒரு பழைய பெரிய வண்டியா?"

இரண்டையுமே வைத்திருந்தவன் நான். முதலில் எட்டு வருடப் பழைய பெரிய டீசல் வண்டி, அப்புறம் புதிய சின்ன ஏழு சீட்டர். கேட்கிறவர்களிடம் உடனே பதில் சொல்லாமல், "போன ஒரு வருஷத்தில் எத்தனை நாள் ஏழு பேரும் ஒன்றாகப் போனீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். "அடிக்கடி போவோமே" என்பார்கள். சரி, போனில் இருக்கும் படங்களை மாதம் மாதமாகப் புரட்டி எண்ணிப் பாருங்கள் என்பேன். சிலருக்கு அறுபது நாள் வரும், சிலருக்கு ஐந்து நாள்தான் வரும். அந்த எண் கையில் இல்லாமல் வண்டியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

இந்தப் பட்ஜெட்டில் உள்ள வழிகள் நான்கு:

- புதிய சின்ன ஏழு சீட்டர் (சுசுகி எர்டிகா, ரெனோ ட்ரைபர் வகை)
- பழைய பெரிய வண்டி (டொயோட்டா இன்னோவா வகை)
- புதிய ஐந்து சீட்டர் வாங்கி, எல்லோரும் போகும் நாளில் மட்டும் வாடகை வண்டி
- அலங்காரம் இல்லாத அடிப்படை வேன்

## எதை வைத்து அளப்பது

மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள்? ஏழு சீட் என்று எழுதியிருப்பதால் ஏழு பெரியவர்கள் உட்கார முடியும் என்று அர்த்தமில்லை. சின்ன வண்டிகளில் பின்வரிசைத் தளம் உயரமாகவும் சீட் தாழ்வாகவும் இருக்கும். முட்டி நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும், தொடைக்கு அடியில் தாங்கலே இருக்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது பிரச்சினையே இல்லை. அறுபது வயதுக்காரருக்கு முக்கால் மணி நேரத்தில் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும். கடையில் நிற்கும் வண்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து "பரவாயில்லை" என்று இறங்கி வராதீர்கள். நடுவரிசையை அங்கே உட்காரப்போகிறவருக்கு வசதியாகத் தள்ளி வைத்துவிட்டு, பின்னால் அரை மணி நேரம் உட்காருங்கள்.

ஏறி இறங்குவதையும் பாருங்கள். என் பழைய வண்டியில் நடுசீட்டை மடித்து முன்னால் தூக்கி நிறுத்த இரண்டு கை வேண்டும், கொஞ்சம் பலமும் வேண்டும். என் அம்மாவுக்கு முட்டி வலி. முதல் பயணத்தில் அவர் கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மறு காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றார். அன்றிலிருந்து அவருக்கு எப்போதும் முன்சீட்தான். இப்போது இருக்கும் சின்ன வண்டி தாழ்வானது. யாரையும் கூப்பிடாமல் தானே ஏறி உட்கார்ந்துகொள்கிறார். விலைப்பட்டியலில் இதற்கென்று ஒரு வரி கிடையாது, ஆனால் எங்கள் வீட்டில் வண்டி மாற்றியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு டிக்கி எவ்வளவு? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் கடைசி வரிசையை மடித்த பிறகு கிடைக்கும் அளவு. எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 209 லிட்டர், கடைசி வரிசையை மடித்தால் 550 லிட்டர். ட்ரைபரில் ஏழு சீட்டோடு 84 லிட்டர்தான். கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் சின்னப் பெட்டி ஒன்று சுமார் 40 லிட்டர். அப்படியானால் 84 லிட்டரில் ஏழு பேருக்குச் சேர்த்து இரண்டு பெட்டி, அதுவும் கணக்கில்தான். மிச்சப் பைகள் மடியிலோ கூரைமேலோதான் போக வேண்டும்.

வண்டி தாங்கும் எடை. பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது இது. ஆவணத்தில் வண்டியின் வெற்று எடையும், அதிகபட்ச மொத்த எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய எடை வரும். உதாரணமாக மொத்தம் 1,700 கிலோ, வெற்று எடை 1,180 என்றால் மிச்சம் 520 கிலோ. ஏழு பெரியவர்கள் சராசரி 70 கிலோ என்று வைத்தாலே 490 ஆகிவிட்டது. பெட்டிகளுக்கு மிஞ்சுவது 30 கிலோ. இதைத் தாண்டி ஏற்றினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடாகும், பின் சஸ்பென்ஷன் அடி வாங்கும். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். அதை நிரப்பாமலே நீண்ட பயணம் கிளம்புகிற குடும்பங்கள்தான் அதிகம்.

பாதுகாப்பு. மோதல் சோதனையில் கிடைத்த நட்சத்திரத்தைப் பார்க்கும்போது அது எந்த ஆண்டில் கிடைத்தது என்றும் பாருங்கள். ட்ரைபர் 2021-இல் குளோபல் என்கேப் (கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமைப்பு) சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையாக்கப்பட்ட பிறகு, 2024-இல் ஆப்பிரிக்கச் சந்தைக்கான ட்ரைபருக்குக் கிடைத்தது 2. எர்டிகாவும் அப்படித்தான், 2019-இல் 3, 2024-இல் 1. பழைய நட்சத்திரத்தையும் புதிய நட்சத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. அதோடு மூன்று விஷயங்களை நீங்களே வண்டியில் பாருங்கள். எல்லா இருக்கைக்கும் மூன்று முனை சீட் பெல்ட் இருக்கிறதா? கடைசி வரிசையில் தலை தாங்கி நிமிர்கிறதா? பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி வரிசை வரை வருகிறதா, நடுவரிசையோடு நின்றுவிடுகிறதா?

மொத்தச் செலவு. வாங்கும் விலை இதில் ஒரு பகுதிதான். கடனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் (மீதி நிற்கும் கடனுக்கு மட்டும் வட்டி) 100 பங்கு கடன் வாங்கினால், மூன்று வருடத்தில் சுமார் 116 கட்டுவீர்கள். ஐந்து வருடத்தில் 127, ஏழு வருடத்தில் 139. மாதத் தவணை குறைகிறதே என்று ஏழு வருடத்துக்கு நீட்டினால், கடன் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வட்டியாகவே போய்விடும்.

எரிபொருளையும் உங்கள் ஓட்டத்தை வைத்தே பாருங்கள். ஒரு வண்டி லிட்டருக்கு 12 கி.மீ., இன்னொன்று 18 கி.மீ. தருகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓடினால் வித்தியாசம் 333 லிட்டர். 5,000 கி.மீ. மட்டும் ஓடினால் 139 லிட்டர்தான். குறைவாக ஓட்டுகிறவர் மைலேஜுக்காக விலை அதிகமான வண்டியை வாங்கினால், அந்தப் பணம் திரும்பி வரவே பல வருடம் ஆகும்.

## புதிய சின்ன ஏழு சீட்டர்

இதன் பெரிய பலம், செலவு முன்கூட்டியே தெரிவது. உத்தரவாதக் காலம் முடியும்வரை தவணை, இன்சூரன்ஸ், வழக்கமான சர்வீஸ், பெட்ரோல் என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். சேமிப்பு அதிகம் இல்லாத குடும்பத்துக்கு இந்த நிம்மதி ரொம்ப முக்கியம். தினசரி ஓட்டத்துக்கும் இது கையடக்கமான வண்டி. நெரிசலில் திருப்புவதும் நிறுத்துவதும் ஒரு சாதாரண கார் போலத்தான்.

குறை எங்கே தெரியும் என்றால், முழுச் சுமையோடு ஒரு மேட்டில். ட்ரைபரின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின் 72 குதிரைத்திறன் தருவது. இரண்டு பேரோடு ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தோன்றாது. ஏழு பேரோடு ஏசியும் போட்டு மலைப்பாதையில் ஏறினால் இரண்டாவது கியரை விட்டு வெளியே வர மனம் வராது, முந்திச் செல்வதற்கு நிறைய யோசிக்க வேண்டும். எர்டிகா போன்ற ஒன்றரை லிட்டர் வண்டிகளில் இந்தத் திணறல் குறைவு. மலைப்பகுதிக்கு அடிக்கடி போகிறவர்கள் இந்த இரண்டு வகையையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு, முதல் மூன்று வருடத்தில் மதிப்பு இறங்குவது. கையை விட்டு நேரடியாகப் பணம் போகாததால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்றே வருடத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால் புதிய வண்டியே வேண்டாம். எட்டு, பத்து வருடம் வைத்திருப்பேன் என்றால் கணக்கு சரியாக வரும்.

சிஎன்ஜி கிடைக்கும் இடத்தில் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல சேமிப்புதான். ஆனால் எரிவாயு சிலிண்டர் எங்கே உட்காருகிறது என்று பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே குறைவாக இருக்கும் டிக்கியில் அது பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.

யாருக்கு ஏற்றது: வாரம் ஒருமுறையாவது ஆறேழு பேர் போகிறவர்கள், பின்வரிசைக்குப் பிள்ளைகள் இருப்பவர்கள், திடீர்ச் செலவைத் தாங்கும் சேமிப்பு இல்லாதவர்கள்.

## பழைய பெரிய வண்டி

இன்னோவா வகை வண்டிகளுக்கு ஏன் இவ்வளவு பெயர் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1977-இல் டொயோட்டா இந்தோனேசியாவில் கொண்டுவந்த கிஜாங் ஒரு எளிய சரக்கு வண்டி. அந்த வம்சத்தில்தான் 2004-இல் இன்னோவா வந்தது. சரக்கு வண்டிக்குரிய லேடர் ஃப்ரேம், அதாவது ஏணி போன்ற தனி இரும்புச் சட்டத்தின்மேல் உடல் அமைந்தது. 2022-இல் வந்த தலைமுறைதான் அந்தச் சட்டத்தை விட்டது. சுமையும் மோசமான சாலையும் பழைய இன்னோவாவுக்குப் புதிதல்ல. பெரியவர்கள் கடைசி வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வர முடிகிற வண்டி இந்தப் பட்ஜெட்டில் வேறு எதுவும் இல்லை. மதிப்பு ஏற்கெனவே இறங்கிவிட்டதால், சில வருடம் ஓட்டிவிட்டு விற்றாலும் பெரிய இழப்பு வராது.

இதெல்லாம் நல்ல வண்டி கிடைத்தால். நான் வாங்கிய வண்டியில் மீட்டர் 1,40,000 கி.மீ. காட்டியது. கிளட்ச் பெடலின் ரப்பர் கோடுகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தன, ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்கம் அமுங்கிப் போயிருந்தது. கண்ணால் பார்த்தேன், ஆனால் அது சொன்னதைக் கேட்கவில்லை. ஐந்தாவது மாதம் கருப்புப் புகை வந்தது, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் போயிருந்தன. அடுத்து கிளட்ச், அதன் பின்னால் ஃப்ளைவீல். மழைக்காலத்தில் பின் ஏசியும் நின்றது. முதல் வருடத்தில் மட்டும் ரிப்பேருக்குப் போனது வண்டி விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. விற்றவர் மீட்டரைத் திருப்பியிருந்தாரா என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

அதனால் இப்போது நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான். பட்ஜெட் 100 என்றால் பழைய வண்டியை 80-க்குப் பாருங்கள். மீதி 20-ஐ முதல் வருடத்துக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். அந்த 20 இல்லை என்றால் பழைய பெரிய டீசல் உங்களுக்கான வண்டி இல்லை.

பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை:

- வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எப்படிப் பிடிக்கிறது, என்ன புகை வருகிறது என்பதில்தான் உண்மை தெரியும்.
- இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். பலமாகப் புகை தள்ளினால் உள்ளே தேய்மானம் அதிகம்.
- சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறையோ ஈர வாடையோ இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். சீட் அடியில் உள்ள போல்ட்டுகளில் துருவையும் பாருங்கள்.
- டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயரும் வெவ்வேறு வயது என்றால் ஏன் என்று கேளுங்கள்.
- டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் வேண்டும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும்.
- பின் ஏசியைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். அதற்கென்று தனி ஊதி இருக்கும், பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை.

புதிய காலத்து டீசலில் இன்னொரு விஷயம் உண்டு. புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, இன்ஜின் சூடேறித் தொடர்ச்சியாக ஓட வேண்டும். பள்ளிக்கூடம், கடை என்று தினம் மூன்று கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவது பெரிய செலவு. தவிர, பழைய டீசல்களுக்கு நகரங்களில் வயது வரம்பும் நுழைவுத் தடையும் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் பகுதியின் விதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

யாருக்கு ஏற்றது: பெரியவர்களே ஆறேழு பேர் இருக்கும் வீடு, நீண்ட தூரம் அதிகம் போகிறவர்கள், நம்பிக்கையான மெக்கானிக்கும் தனியாக ஒரு தொகையும் வைத்திருப்பவர்கள்.

## ஐந்து சீட்டர், தேவைப்பட்டால் வாடகை

படங்களை எண்ணிப் பார்த்து வருடத்துக்குப் பத்து நாளுக்குள் வந்தவர்கள் இதை முதலில் பரிசீலிக்க வேண்டும். கணக்கு எளிது. ஏழு சீட்டருக்கும் ஐந்து சீட்டருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, வைத்திருக்கப்போகும் வருடங்களால் வகுங்கள். அதோடு வருடாந்திர எரிபொருள், இன்சூரன்ஸ் வித்தியாசத்தைக் கூட்டுங்கள். அந்தத் தொகைக்கு எத்தனை நாள் ஓட்டுநரோடு பெரிய வண்டி வாடகைக்குக் கிடைக்கும்? உங்கள் நாள்கணக்கைவிட அது அதிகம் என்றால் விடை கிடைத்துவிட்டது. அதே விலையில் ஐந்து சீட்டரில் கூடுதல் ஏர்பேக்கும் நல்ல பிரேக்கும் கிடைக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஓட்டுவது அந்த வண்டியைத்தானே.

இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு உடையும். நீங்கள் எல்லோரும் கிளம்பும் விடுமுறை நாளில்தான் மற்றவர்களும் கிளம்புவார்கள், வாடகை ஏறும், வண்டியே கிடைக்காமலும் போகலாம். இன்னொன்று குழந்தை இருக்கைகள். அவற்றை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் பின்சீட்டின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும். அங்கே இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டிவிட்டால், நடுவில் ஒரு பெரியவர் உட்காருவது சின்ன வண்டிகளில் நடக்காத காரியம். ஆக, அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு கைக்குழந்தைகள் என்று ஐந்தே பேர் இருக்கும் வீட்டுக்கும் ஏழு சீட்டர் தேவைப்படலாம். தலைகளை மட்டும் எண்ணுகிறவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

## அடிப்படை வேன்

சுசுகி ஈகோ போன்றவை. குறைந்த விலை, இழுத்துத் திறக்கும் கதவு, எளிய இன்ஜின், எங்கேயும் ரிப்பேர் செய்துவிடலாம். வாரத்தில் ஆறு நாள் கடைக்குச் சரக்கு ஏற்றி, ஏழாவது நாள் குடும்பத்தை ஏற்றுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

குடும்ப வண்டியாக மட்டும் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நீண்ட பயணத்தில் அந்தச் சூடும் சத்தமும் கூடவே வரும். மூக்கு குட்டையாக இருப்பதால் நேர் மோதலில் காலுக்கு முன்னால் நசுங்கும் இடம் குறைவு. உயரமும் ஒடுக்கமுமான உடல், நெடுஞ்சாலையில் பக்கக் காற்றில் ஆடும். பழைய வேன் வாங்கினால், அது வணிக வாகனமாகப் பதிவானதா என்றும் பாருங்கள். இன்சூரன்ஸும் வரியும் அதற்கேற்ப மாறும்.

## ஒரே பார்வையில்

| | புதிய சின்ன ஏழு சீட்டர் | பழைய பெரிய வண்டி | ஐந்து சீட்டர் + வாடகை | அடிப்படை வேன் |
|---|---|---|---|---|
| கடைசி வரிசையில் பெரியவர்கள் | குறுகிய தூரம் மட்டும் | வசதியாக | வாடகை வண்டியில் | உட்காரலாம், சொகுசு இல்லை |
| எல்லோரும் ஏறியபின் டிக்கி | மிகக் குறைவு | நடுத்தரம் | தினசரிக்குப் போதும் | குறைவு |
| முழுச் சுமையில் மேடு | சின்ன இன்ஜின் திணறும் | எளிதாக ஏறும் | பொருந்தாது | மெதுவாக ஏறும் |
| திடீர்ச் செலவு | குறைவு | அதிகம் | குறைவு | குறைவு |
| மதிப்பு இறக்கம் | முதல் வருடங்களில் அதிகம் | குறைவு | முதல் வருடங்களில் அதிகம் | நடுத்தரம் |
| பாதுகாப்பு வசதிகள் | மாடலைப் பொறுத்தது | வண்டியின் வயதைப் பொறுத்தது | அதே விலையில் சிறந்தது | மாடலையும் ஆண்டையும் பொறுத்தது |

## இரண்டுக்கு வந்து நின்றால்

கடைசியாக இரண்டு வண்டிகளுக்கு இடையே ஊசலாடினால், இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். ஓட்டிக் காட்டுகிறவர்கள் பொதுவாக வாங்குபவரையும் அவர் மனைவியையும் மட்டும் ஏற்றிக்கொண்டு சமதளச் சாலையில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். அது போதாது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பெரிய பெட்டியையும் எடுத்துப்போங்கள், குழந்தை இருக்கை இருந்தால் அதையும். பக்கத்தில் ஒரு பாலமோ மேடோ இருந்தால் ஏசியோடு ஏற்றி, பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். வெயில் நேரத்தில் போனால் கடைசி வரிசைக்குக் குளிர்காற்று வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதும் தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் ஓட்டியவரிடம் அபிப்பிராயம் கேட்பதற்கு முன், கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தவரிடம் கேளுங்கள். விற்பவர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.